ரிப்பிள் குறையவில்லையா? மைக்ரோஃபாரடை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்

எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் வகை பவர் சப்ளை) அவுட்புட்டில் ரிப்பிள், அதாவது டிசி மேல் மிதக்கும் சின்ன அலை, அதிகம் என்றதும் நிறையப் பேர் செய்வது, இருக்கிற 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு 1000 போடுவது. கொஞ்சம் கணக்குப் போட்டால் இதில் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

எல்லோர் கையிலும் இருக்கும், வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 ஐசி போர்டையே எடுப்போம். 150 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, 12 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, காயில் 33 மைக்ரோஹென்றி. காயில் மின்னோட்டம் ஏறி இறங்கும் அளவு சுமார் 0.6 ஆம்ப். 220 மைக்ரோஃபாரட் சார்ஜ் ஆகி டிஸ்சார்ஜ் ஆவதால் மட்டும் வரும் ரிப்பிள் வெறும் 2 மில்லிவோல்ட்தான். ஆனால் அதே கெப்பாசிட்டருக்குள் 0.1 ஓம் இ.எஸ்.ஆர். (கெப்பாசிட்டருக்கு உள்ளேயே தொடராக இருக்கும் மின்தடை) இருந்தால் 0.6 ஆம்ப் அதன் வழியே போய் 60 மில்லிவோல்ட்டை உண்டாக்கும். ஆக, 1000 போட்டால் குறைவது அந்த 2 தான், 60 அப்படியே நிற்கும். பெரிய டப்பாவில் இ.எஸ்.ஆரும் ஓரளவு இறங்கும் என்பதால் சில சமயம் பலன் தெரியும், அதை வைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அதே 220-ல் லோ இ.எஸ்.ஆர். வகையாக, 0.03 ஓம் உள்ளதாகப் போட்டால் ரிப்பிள் 20-க்குள் வந்துவிடும்.

ரிப்பேரிலும் இதே கதைதான். மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் சரியாகக் காட்டுகிறது, தலையும் உப்பவில்லை என்று பழையதையே திரும்ப மாட்டிவிடுவார்கள். இ.எஸ்.ஆர். மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் அது எப்போதோ செத்துப்போனது தெரியும்.

சரி, இ.எஸ்.ஆர். குறைவாக இருந்தால் நல்லதென்றால் எலக்ட்ரோலிட்டிக்கைத் தூக்கிவிட்டு செராமிக்காகவே போட்டுவிடலாமே? எல்எம்2596 மாதிரியான பழைய ஐசிகளில் அது வம்பு. அவற்றின் ஃபீட்பேக் நிலையாக நிற்பதற்கே அவுட்புட் கெப்பாசிட்டரில் ஓரளவு இ.எஸ்.ஆர். தேவை, அது மிகவும் குறைந்தால் ஆசிலேட் ஆகத் தொடங்கிவிடும், முன்பைவிட மோசமான அலைதான் மிஞ்சும். டேட்டாஷீட்டில் இது தெளிவாகவே இருக்கிறது, யாரும் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை என்பதுதான் பிரச்சினை.

செராமிக்கில் இன்னொரு பள்ளமும் உண்டு. 6.3 வோல்ட் 22 மைக்ரோஃபாரட் எக்ஸ்5ஆர் (செராமிக்கில் ஒரு வகை), சின்ன 0805 சைஸ், இதை 5 வோல்ட் லைனில் போட்டால் டிசி வோல்ட்டேஜ் ஏறியதாலேயே கெப்பாசிட்டன்ஸில் பாதிக்கும் மேல் காணாமல் போய்விடலாம். எக்ஸ்5ஆர் என்றால் ±15 சதவீதம்தானே என்று கேட்கலாம்; அது வெப்பநிலைக்கான கணக்கு, வோல்ட்டேஜுக்கானது இல்லை. அந்தக் குறிப்பிட்ட பார்ட்டின் டிசி பயாஸ் கிராஃபை (வோல்ட்டேஜ் ஏற ஏற கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு இறங்கும் என்று காட்டுவது) பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒய்5வி என்ற செராமிக் வகையை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

அடுத்தது சூடு. ஃப்ளைபேக் (டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒரு சுவிட்சிங் முறை) அடாப்டரில் அவுட்புட் கெப்பாசிட்டருக்கு மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாக வருகிறது, 2 ஆம்ப் அடாப்டரில் அதன் ரிப்பிள் கரன்ட் 2 ஆம்பையே தாண்டிவிடலாம். அந்த ரேட்டிங்கைப் பார்க்காமல் வோல்ட்டேஜும் மைக்ரோஃபாரடும் மட்டும் பார்த்து வாங்கினால் உள்ளேயே வெந்துபோகும். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது எலக்ட்ரோலிட்டிக்கின் பொதுவான கணக்கு. 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று போட்டிருப்பது 65 டிகிரியில் 8000 மணி நேரம், அதாவது நாள் முழுக்க ஓடினால் ஒரு வருடம்கூட வராது. அதே 2000 மணி நேரம் போட்ட 105 டிகிரி வகை அதே இடத்தில் 32,000 மணி நேரம் தாங்கும். விலை வித்தியாசம் சில ரூபாய். அப்புறம் அதைக் கொண்டுபோய் ஹீட்சிங்க்கை ஒட்டி நிறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் ஸ்கோப்பில் ஊசி ஊசியாக 200 மில்லிவோல்ட் தெரிகிறதா? புரோப்பின் நீளமான கிரவுண்டு வயர் ஒரு ஆன்டெனா போல சுவிட்சிங் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பிரிங் கிரவுண்டைப் போட்டு, ஸ்கோப்பின் 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட்டை ஆன் செய்து, கெப்பாசிட்டர் காலிலேயே நேராக அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் பழைய வயரை மறுபடி மாட்டி, புரோப் முனையையும் கிளிப்பையும் ஒரே கிரவுண்டுப் புள்ளியில் வையுங்கள். அப்போதும் ஊசி தெரிந்தால் அது வயர் வாங்கிய இரைச்சல்தான், கெப்பாசிட்டர் வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை.