கலப்பு பின்னக் கழித்தல்: கடன் வாங்கும் இடத்தில் கவனம்

பின்னக் கணக்கு கற்றுக்கொள்ள வருகிறவர்களின் நோட்டைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய நோட்டைப் பார்ப்பதுபோலவே இருக்கும். எண்ணை மாற்றி எழுதுவது, கூட்டலில் சறுக்குவது எல்லாம் யாருக்கும் நடப்பவை, விட்டுவிடலாம். கடன் வாங்கும் இடத்தில் நடப்பவை வேறு ரகம்.

கடன் வாங்கிய ஒன்றைப் பத்தாக்குவது

5 1/4 − 2 3/4 என்று ஒரு கணக்கு. 1/4-இலிருந்து 3/4 போகாது. சரி, 5-இலிருந்து ஒன்றைக் கடன் வாங்கவேண்டும். இதுவரை எல்லோரும் ஒழுங்காக வந்துவிடுகிறார்கள். அப்புறம்தான் பழக்கதோஷத்தில் கை தொகுதிக்கு, அதாவது பின்னத்தின் மேல் எண்ணுக்கு, முன்னால் ஒரு 1-ஐ ஒட்டிவிடுகிறது. 1/4 என்பது 11/4 ஆகிறது. 4 11/4 − 2 3/4 = 2 8/4, அதாவது 4. ஐந்தேகாலில் இரண்டே முக்காலை எடுத்தால் நாலு மிஞ்சுமா?

42-இல் 17-ஐக் கழிக்கும்போது கடனாக வருவது ஒரு பத்து, அதனால் 2 என்பது 12 ஆகிறது. இங்கே வருவதோ ஒரு முழு ஒன்று. அது எத்தனை துண்டாக உடையும் என்பதைப் பகுதிதான், அதாவது கீழ் எண்தான், முடிவு செய்யும்: கீழே 4 இருந்தால் 4/4, 7 இருந்தால் 7/7. ஆக 5 1/4 என்பது 4 + 4/4 + 1/4, அதாவது 4 5/4. அதிலிருந்து 2 3/4 போனால் 2 2/4, சுருக்கினால் இரண்டரை.

இந்தத் தவறு சில நேரம் சரியான விடையையே தந்துவிடும், அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். எனக்குத் தந்த முதல் பயிற்சித் தாளில் எல்லாக் கணக்கிலும் பகுதி 10. 5 3/10 − 2 7/10 என்றால் 1-ஐ ஒட்டி 13/10 என்று எழுதுவேன், விடை 2 6/10, சரி. தாள் முழுக்கச் சரி. அடுத்த தேர்வில் பகுதி 4, 6, 8 என்று மாறியதும் மொத்தமும் தப்பு. திருத்தியவர் பெருக்கல் குறி போட்டதோடு சரி, காரணம் எழுதவில்லை. அதனால்தான் நான் யாருக்கும் முதல் கணக்கில் பகுதி 10 வைப்பதே இல்லை.

குழப்பம் தீராதவர்களிடம் 5 மணி 15 நிமிடத்திலிருந்து 2 மணி 45 நிமிடத்தைக் கழிக்கச் சொல்வேன். 4 மணி 75 நிமிடம் என்று மாற்றி, 2 மணி 30 நிமிடம் என்பார்கள். மேலே உள்ள அதே கணக்குதான் இது!

திருப்பிப் போட்டுக் கழிப்பது

அதே 5 1/4 − 2 3/4-இல் கடன் வாங்காமல், பின்னங்களை மட்டும் 3/4 − 1/4 என்று வசதிக்குத் திருப்பினால் 3 2/4 வரும். அது வேறு கணக்கின் விடை.

முழு எண்ணைக் குறைக்க மறப்பது

அந்தக் கணக்கில் கடன் வாங்கியதுமே 5-ஐ அடித்து 4 என்று எழுதிவிடுங்கள். மனதில் வைக்காதீர்கள்.

தொகுதியை மட்டும் பார்த்துக் கடன் வாங்குவது

6 1/2 − 2 3/8. 1 சிறியது, 3 பெரியது என்று உடனே கடனுக்கு ஓடுகிறார்கள். பகுதியைச் சமமாக்கினால் 4/8, 3/8; கடனே தேவையில்லை, விடை 4 1/8. கடன் வாங்கினாலும் தப்பில்லை, வீண் வேலை. ஆனால் பலர் 3 9/8 என்று எழுதி, அதை 4 1/8 ஆக்காமல் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

முழு எண்ணிலிருந்து கழிப்பது

7 − 2 3/5 என்றால் 5 3/5 அல்ல. 7 என்பது 6 5/5. விடை 4 2/5.

முழு எண்ணையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே பின்னமாக, அதாவது தகா பின்னமாக்கிவிட்டால் கடனே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம்தான். 37 1/8 − 18 5/8-ஐ அப்படிச் செய்தால் 297/8 − 149/8 என்று நிற்கும். கடன் வாங்கினால் 36 9/8 − 18 5/8. விடை 18 1/2 என்று மனக்கணக்காகவே வந்துவிடும்.