கடைக் கணினியில் இருக்கும் மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் தெருப் பக்கம் சில கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். கணினி மாற்றும்போது முதலாளிகள் சொல்வது ஒன்றுதான்: "மெயிலெல்லாம் ஆன்லைன்ல இருக்கும்மா, பழசைத் தூக்கிப் போட்டுடலாம்." பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவருக்கு அது சரி. ஆனால் கடைப் பெயரிலேயே முகவரி வைத்து, அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மின்னஞ்சல் நிரல்களில் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தக் கணக்கு, கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறையில் ஓடினால், கடிதம் இறங்கிய பிறகு சர்வரிலிருந்து, அதாவது மின்னஞ்சல் சேவை தருபவரின் கணினியிலிருந்து, அது அழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது மிச்சமிருக்கும் ஒரே பிரதி உங்கள் மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள்தான்.

சூரத்திலிருந்து வந்த துணி பில், கப்பல் சரக்கு ரசீது எல்லாம் அதில்தான் கிடக்கும். இங்கே வருமான வரிக்காக வியாபார ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் எந்த முறை என்று பாருங்கள். 'கிளாசிக்' எனப்படும் பழைய அவுட்லுக்கில் ஃபைல், அப்புறம் அக்கவுண்ட் செட்டிங்ஸ். இமெயில் என்ற தாவலில் கணக்கின் பக்கத்திலேயே பாப் அல்லது ஐமேப் (IMAP) என்று எழுதியிருக்கும். ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரிலேயே தங்கும். அடுத்த தாவல் டேட்டா ஃபைல்ஸ். அதில் 'ஓபன் ஃபைல் லொகேஷன்' அழுத்தினால் கோப்பு இருக்கும் இடமே திறந்துவிடும், தேடி அலைய வேண்டாம். கோப்பின் பெயர் பிஎஸ்டி (.pst) என்று முடிந்தால் அதுவே உங்கள் அஞ்சல் பெட்டி. அவுட்லுக்கை முழுசாக மூடிவிட்டு அதை நகலெடுங்கள். ஓஎஸ்டி (.ost) என்று முடிந்தால் அது சர்வரில் உள்ளதன் நிழல். அதை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் அப்படியே திறக்க முடியாது. அதனால் ஃபைல், ஓபன் அண்டு எக்ஸ்போர்ட் வழியாகப் போய் பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். உள்கோப்புறைகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்பாக்ஸ் மட்டும் வந்து, நீங்கள் வருஷவாரியாகப் பிரித்து வைத்தவை வராமல் போகும்.

தண்டர்பேர்டு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது எதையும் ஒளிப்பதில்லை. ஹெல்ப் மெனுவில் 'ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியும் பக்கத்தில் ஒரு பொத்தானும் இருக்கும். அந்தக் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு நிரலை மூடிவிடுங்கள். பாப் கடிதங்கள் 'மெயில்' கோப்புறையிலும் ஐமேப் கடிதங்கள் 'ஐமேப்மெயில்' கோப்புறையிலும் இருக்கும். ஆனால் பொறுக்கி எடுக்காதீர்கள், முகவரிப் புத்தகமும் அமைப்புகளும் சேர்ந்து வர முழுக் கோப்புறையையும் எடுங்கள். சேமித்த கடவுச்சொற்களும் அதனோடு வரும் என்பதால், அந்த பென்டிரைவைக் கல்லாப்பெட்டிச் சாவி மாதிரி பூட்டி வையுங்கள்.

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது, இடம் நிறைய இருந்தும் பென்டிரைவ் மறுக்கும். அது ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. அதில் உள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள்.

நகலெடுத்ததோடு நிற்காதீர்கள், திறந்து பார்த்தால்தான் அது காப்பு. பிஎஸ்டியைப் புதுக் கணினிக்கு மாற்றிய பிறகு அவுட்லுக்கில் திறங்கள், பென்டிரைவிலிருந்து நேராக வேண்டாம். தண்டர்பேர்டுக்குப் புதுக் கணினியில் அதே பதிப்போ அதைவிடப் புதியதோ இருக்க வேண்டும், பழையது புதிய புரொஃபைலை ஏற்காது. திறந்ததும் ஒரு பழைய கடிதத்தைத் தேடி, அதனோடு வந்த இணைப்பையும் (அட்டாச்மென்ட்) திறந்து பாருங்கள். பில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இங்கே இடி மின்னலுக்குக் குறைவில்லை. அதனால் ஒரு பிரதி கடையிலும் இன்னொன்று வீட்டிலும் இருக்கட்டும், இரண்டையும் கணினியில் செருகியே விட்டுவிடாதீர்கள். கொம்தார் கட்டடம் பக்கம் பழைய கணினியை விற்கக் கொண்டுபோவது, அந்தக் கடிதத்தின் இணைப்பு புதுக் கணினியில் திறந்த பிறகுதான்.