புது முகப்பும் வேண்டும், பழைய டிவியிலும் ஓட வேண்டும்: ஸ்ட்ரீமிங் ஆப் செய்பவர்களுக்கு

ஸ்ட்ரீமிங் ஆப் செய்கிற குழுக்களில் இந்தத் தகராறு வராமல் இருக்காது. தானாக ஓடும் டிரெய்லர், பின்னால் மங்கலாகத் தெரியும் பெரிய படம், ரிமோட்டின் தேர்வு (ஃபோகஸ்) வந்ததும் பெரிதாகும் போஸ்டர் என்று புது முகப்புத் திரை தயாராகும். லேப்டாப்பில் பார்த்தால் அழகாக இருக்கும், அதையே ஏழெட்டு வருடப் பழைய டிவியில் போட்டால் ரிமோட்டில் வலது பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். உடனே ஒரு தரப்பு பழசை எல்லாம் கைகழுவிவிடலாம் என்னும், இன்னொரு தரப்பு புதிதாக எதையும் தொடவே வேண்டாம் என்னும். இரண்டுக்கும் அவசியமில்லை. எந்தக் கருவி எவ்வளவு தாங்கும் என்று அளந்து, தாங்குகிற அளவுக்கு மட்டும் புது அம்சங்களைக் கொடுக்கிற மாதிரி ஆப்பைக் கட்டிவிட்டால் போதும். டிவியை யாரும் போன் மாதிரி அடிக்கடி மாற்றுவதில்லை. படம் தெளிவாகத் தெரிகிற டிவியை, ஒரு ஆப் மெதுவாகிவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடச் சொல்வதில் நியாயமும் இல்லை.

முதலில் யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள்

கருவி வாரியாக எத்தனை பேர் ஆப்பை நிறுவியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை பெரிதாக உதவாது. எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்று எடுங்கள். கருவியின் மாடல், இயங்குதளப் பதிப்பு, உள்ளே இருந்து ஆப்பை ஓட்டும் பிரவுசர் எஞ்சின் பதிப்பு, ராம் அளவு, இந்த நான்கையும் பார்த்த நேரத்தோடு சேர்த்து ஒரு அட்டவணை போட்டால் எதற்கு உழைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஆப் திறக்கும்போதே விழுந்துவிடுகிற கருவிகள் உங்கள் பதிவுகளிலேயே வராது. அதனால் ஆப் தொடங்கிய கணத்தில் ஒரு சின்னச் செய்தியும், முகப்பு முழுதாக வரைந்து முடிந்ததும் இன்னொன்றும் சர்வருக்குப் போக வேண்டும். முதல் செய்தி வந்து இரண்டாவது வராத கருவிகள் எவை என்று தேடினால், புகார்கூடச் சொல்லாமல் விட்டுப் போனவர்கள் எங்கே இருந்தார்கள் என்று தெரியும்.

வருடத்தை வைத்துப் பிரிக்காதீர்கள்

'2017க்கு முந்தையது எல்லாம் பழசு' என்று கோடு போடுவது சுலபம், ஆனால் தப்பாகப் போகும். 2015இல் வந்த என்விடியா ஷீல்ட் என்ற டிவி பெட்டியில் 3 ஜிபி ராம் இருந்தது. டிவியில் செருகும், 1 ஜிபி ராம் மட்டும் உள்ள ஸ்டிக்குகள் அதற்குப் பிறகும் பல வருடங்கள் விற்பனைக்கு வந்தன. டிவி எஞ்சின்களும் அப்படித்தான். சாம்சங்கின் 2018 டிவிகளில் இருக்கும் இயங்குதளமான டைசன் 4.0இன் எஞ்சின், குரோம் பிரவுசருக்கு அடித்தளமான குரோமியத்தின் 56ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. திரையைக் கட்டங்களாகப் பிரித்து அமைக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட் வந்ததோ 57இல். ஆக 2017 மார்ச்சில் கணினி பிரவுசருக்கு வந்துவிட்ட ஒரு வசதி, அடுத்த வருடம் கடைக்கு வந்த டிவியில் இல்லை. எல்ஜி பக்கம் அதன் டிவி இயங்குதளமான வெப்ஓஎஸ் 3இல் குரோமியம் 38, 4இல் 53, 5இல் 68. கணினி பிரவுசர் மாதிரி இவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பெரும்பாலும் வாங்கும்போது இருந்த எஞ்சினோடுதான் கடைசி வரை ஓடும்.

அதனால் திறனை வைத்து மூன்று அடுக்குகள் வையுங்கள். அதற்கு மேல் போனால் யாரும் முழுதாகச் சோதிக்க மாட்டார்கள். எஞ்சின் பதிப்பும் ராமும் முதல் முடிவைச் சொல்லட்டும். ஆண்ட்ராய்டில் குறைந்த ராம் கருவியா என்று இயங்குதளத்திடமே கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் உண்மையான ஓட்டத்தை அளந்து பாருங்கள். பயனர் முதல் வரிசையில் நகரும்போது ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று சில விநாடிகள் குறித்துக்கொண்டால் போதும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிவிநாடிதான் கிடைக்கும். அந்த இடைவெளி தொடர்ந்து 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் அந்தக் கருவியை ஓர் அடுக்கு கீழே இறக்கி, முடிவைக் கருவியிலேயே சேமித்துவிடுங்கள். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையை மாற்றாதீர்கள், அடுத்த முறை திறக்கும்போது மாறட்டும். குறிப்பிட்ட மாடலை வேறு அடுக்குக்கு நகர்த்தும் வசதி சர்வரிலும் இருக்க வேண்டும்.

எது எல்லோருக்கும், எது சிலருக்கு

திறப்பது, தேடுவது, ஓட்டுவது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது, சப்டைட்டில், ஒலி மொழி, குழந்தைகளுக்கான பூட்டு: இவை மூன்று அடுக்கிலும் ஒன்றுபோல வேலை செய்ய வேண்டும். இதில் கை வைக்கக் கூடாது என்று எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். ஒவ்வொரு புது அம்சத்துக்கும் அடுக்கு வாரியாக ஆன், ஆஃப் செய்ய சர்வரில் ஒரு சுவிட்ச் வேண்டும், ஏனென்றால் டிவி ஆப் ஸ்டோர்களில் புதுப் பதிப்பு பரிசீலனை முடிந்து வெளியாக நாட்கள் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை ஏதாவது உடைந்தால் அதுவரை காத்திருக்க முடியாது. பழைய கருவிகளுக்கென்று தனியாக ஒரு பழைய ஆப்பை வைத்துப் பராமரிக்கலாம் என்ற யோசனை வரும். கூடுமானவரை அதைத் தவிருங்கள். முதல் சில மாதங்கள் நன்றாக இருக்கும், பிறகு புது ஆப்பில் திருத்திய பிழைகள் பழையதற்குப் போய்ச் சேராது, அந்தப் பயனர்கள் மெல்ல அனாதையாவார்கள்.

மெமரியை விழுங்குவது படங்கள்தான்

பழைய கருவியில் ஆப் திடீரென்று மூடிக்கொண்டால் நான் முதலில் பார்ப்பது போஸ்டர் அளவைத்தான். 150 கேபி ஜேபெக் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. திரையில் வரையும்போது அது விரிந்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் எடுக்கும். 1000க்கு 1500 பிக்சல் போஸ்டர் என்றால் 60 லட்சம் பைட், அதாவது 6 எம்பி. முகப்பில் 40 போஸ்டர் இருந்தால் 240 எம்பி. 1 ஜிபி கருவியில் இயங்குதளமும் வீடியோவும் எடுத்தது போக மீதியில் இதற்கு இடம் கிடைக்காது. அதே போஸ்டர் திரையில் 200க்கு 300 அளவில்தான் தெரிகிறது என்றால், அந்த அளவிலேயே சர்வர் வெட்டிக் கொடுக்கட்டும்: ஒன்றுக்கு 0.24 எம்பி, நாற்பதுக்கும் சேர்த்து 10 எம்பிகூட வராது. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பின்னணிப் படமும் இப்படித்தான். முழு எச்டி படம் ஒன்று 8.3 எம்பி, ஒன்று மறைந்து இன்னொன்று தோன்றும் நேரத்தில் இரண்டும் மெமரியில் இருக்கும். கீழ் அடுக்கில் திரையையே 1280க்கு 720இல் வரையுங்கள், டிவி அதைப் பெரிதாக்கிக்கொள்ளும், வரைய வேண்டிய பிக்சல்கள் பாதிக்கும் கீழே போய்விடும். வீடியோ பெரும்பாலான டிவிகளில் ஆப்பின் திரையிலிருந்து தனியான பரப்பில் ஓடுவதால் அதன் தரம் இதனால் குறையாது. மங்கலான பின்னணி வேண்டுமென்றால் கருவியில் மங்கலாக்காதீர்கள். 64க்கு 36 அளவுள்ள குட்டிப் படத்தை அனுப்பிப் பெரிதாக்கிக் காட்டினால் அதுவே மங்கலாகத்தான் தெரியும்.

நீளமான பட்டியல்களில் திரையில் தெரியும் வரிசைகளும் மேலே ஒன்று, கீழே ஒன்றும் மட்டும் இருக்கட்டும், மற்றதைக் கழற்றிவிடுங்கள்.

அசைவும் ரிமோட்டும்

நகர்த்துவது, அளவு மாற்றுவது, ஒளிபுகும் தன்மையை மாற்றுவது, இந்த மூன்றோடு அசைவுகளை நிறுத்திக்கொள்ளுங்கள். நிழலையும் அகல உயரத்தையும் அசைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் திரையை மறுபடி வரைய வேண்டியிருக்கும். கீழ் அடுக்கில் அசைவே வேண்டாம். ஃபோகஸ் சட்டென்று தாவி, தடிமனான ஒரு பார்டர் வந்தால் போதும். அசைவு இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அழுத்தியதும் நகராததைத்தான் பொறுக்க முடியாது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் கருவி வரைவதைவிட வேகமாக அழுத்தங்கள் வந்து குவியும், விரலை எடுத்த பிறகும் ஃபோகஸ் ஓடிக்கொண்டே இருக்கும். முந்தைய நகர்வு வரைந்து முடியும் வரை இடையில் வருவதை விட்டுவிட்டு, விரல் எடுத்ததும் அங்கேயே நிற்கச் செய்யுங்கள்.

தானாக ஓடும் டிரெய்லர் தனிக் கதை. பழைய கருவிகள் பலவற்றில் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் வன்பொருள் டிகோடர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. டிரெய்லர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பயனர் படத்தைத் தொடங்கினால் கறுப்புத் திரைதான் வரும். டிரெய்லரை நிறுத்தி, அதன் மூலத்தையும் விடுவித்து, விடுபட்டது உறுதியான பிறகு படத்தைத் தொடங்குங்கள். கீழ் அடுக்குக்கு அசையாத படம் போதும். வீடியோவைச் சுருக்கும் முறையில் (கோடெக்) ஏவி1 போன்ற புதியதற்குப் போனாலும், பழைய எச்.264 முறையில் இருக்கும் வீடியோ பிரதிகளை அழித்துவிடாதீர்கள்.

வெள்ளைத் திரைக்குக் காரணம்

ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத செயல்பாடுகளைப் பாலிஃபில் (விடுபட்டதை ஈடுசெய்யும் நிரல்) போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் எஞ்சினுக்குப் புரியாத தொடரமைப்பு ஒன்று இருந்தால் அந்தக் கோப்பே ஓடாது, திரை வெள்ளையாகவே நிற்கும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்து வரும் ஆப்ஷனல் செயினிங் என்ற தொடரமைப்பு குரோமியம் 80இல்தான் வந்தது. உங்கள் நிரலைப் பழைய எஞ்சினுக்கு ஏற்ப மாற்றி எழுதும் மென்பொருள், வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகளைத் தொடாமல் விட்டிருக்கும், பிரச்சினை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கடைசியாக உருவாகும் கோப்பை, நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய தரத்தில் படிக்க முடிகிறதா என்று ஆப்பைத் தொகுக்கும் பில்டிலேயே சோதித்து, முடியாவிட்டால் பில்டை நிறுத்திவிடுங்கள்.

சிஎஸ்எஸ்ஸில் கவனிக்க வேண்டியது, பாகங்களுக்கு இடையே இடைவெளி விடும் 'கேப்'. கிரிட்டுக்கு அது குரோமியம் 66இலேயே இருக்கிறது, ஃப்ளெக்ஸ் என்ற இன்னொரு அமைப்பு முறைக்கு 84இல்தான் வந்தது. அதனால் இடையில் இருக்கும் வெப்ஓஎஸ் 5, டைசன் 6.0 போன்றவற்றில் 'ஆதரவு உண்டா' என்று சிஎஸ்எஸ்ஸிடம் கேட்டால் உண்டு என்றே சொல்லும், போஸ்டர்களோ ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மார்ஜின் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

சோதனையும் வெளியீடும்

டிவியைக் கணினியில் போலச் செய்து காட்டும் எமுலேட்டர் உங்கள் கணினியின் வேகத்தில் ஓடுவதால் இந்த விஷயத்தில் அதை நம்ப முடியாது. ஆதரிக்கும் கருவிகளிலேயே மோசமான ஒன்றை வடிவமைப்பாளர் மேசையில் வையுங்கள், புதுத் திரையை அவர் முதலில் அதில் பார்க்கட்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து உலாவிப் பார்ப்பது, ஸ்டாண்ட்பையிலிருந்து எழுப்பிப் பார்ப்பது, இரண்டையும் விடாதீர்கள். மெமரிக் கசிவு, அதாவது ஆப் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் விடுவது, ஐந்து நிமிடச் சோதனையில் தெரியாது. வெளியிடும்போது சிறு விழுக்காட்டினருக்கு முதலில் கொடுத்து, திறக்கும் நேரம், பொத்தானுக்கும் ஃபோகஸுக்கும் இடையேயான நேரம், ஆப் விழும் விகிதம் மூன்றையும் அடுக்கு வாரியாகப் பாருங்கள். மொத்தச் சராசரியில் கீழ் அடுக்கின் அவதி மறைந்துவிடும்.

ஒரு கருவியை விட்டே ஆக வேண்டிய நாளும் வரும். பாதுகாப்புச் சான்றிதழ், நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் மாதிரி உங்கள் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. 2021 செப்டம்பர் 30இல் தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்ய உதவும் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதியதை அறியாத பழைய கருவிகள் பல தளங்களோடு இணைய முடியாமல் நின்றன. 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் சில பழைய டிவிகளிலும் பெட்டிகளிலும் நின்றது. அப்படி நிறுத்தும்போது சில மாதங்கள் முன்பே திரையில் சொல்லுங்கள், எந்தத் தேதி, என்ன காரணம், அதே டிவியில் வேறு எப்படித் தொடர்ந்து பார்க்கலாம் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். படம் தொடங்கும் முன் அதைக் காட்டாதீர்கள், முடிந்த பிறகு காட்டுங்கள். புதுப் பதிப்புகளை நிறுத்தினாலும், அந்தக் கருவிகளில் இருக்கும் கடைசிப் பதிப்பு பேசுகிற சர்வர் வழியை, அறிவித்த தேதி வரை மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள்.