பழைய சம்பளக் கணக்கு வைத்த வேட்டு

வேலை மாறியதும் பழைய சம்பளக் கணக்கை மறந்தே போனேன். சம்பளம் நின்றதும் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டார்கள். மினிமம் பேலன்ஸ் இல்லையென்று மாதாமாதம் அபராதம், அதன்மேல் 18% ஜிஎஸ்டி வேறு. கிடந்த இரண்டாயிரம் சொச்சமும் காலி!

அபராதம் பிடிக்குமுன் தகவல் சொல்லி ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி. கிளைக்குப் போய் அதைக் கேட்டேன். எஸ்எம்எஸ் அனுப்பினார்களாம், நான் எப்போதோ விட்ட நம்பருக்கு. புகார் எழுதிக் கொடுத்தேன்; பிடித்த பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. சரி, போகட்டும்.

கணக்கை மூடிவிட்டு பாரத ஸ்டேட் வங்கிக்கு மாறினேன். அங்கே சேமிப்புக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸை 2020-லேயே எடுத்துவிட்டார்கள். கூட்டம்தான் கொஞ்சம் அதிகம். மூடுமுன் கேஸ் மானியம், எல்ஐசி பிரீமியம் ஏதாவது பழைய கணக்கில் தொங்குகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு தவணை தவறியது.