முதலில் ஒரு நோட்டு, பிறகு படிப்பு

"அக்கா, ஃபாரஸ்ட்ல வேலைக்குப் போகணும், என்ன படிக்கணும்?" பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான். படிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு ஊர்க் குளத்துக்குப் போங்கள். கள ஆய்வுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 'சின்ன வயசிலிருந்தே விலங்குகள் என்றால் உயிர்' என்று எழுதாத விண்ணப்பமே கிடையாது. ஒரே குளத்தை ஒரு வருஷம் விடாமல் பார்த்து எழுதிய பிள்ளைதான் அபூர்வம்.

எங்கள் நெல்லைப் பக்கம் மார்கழியும் தையும் தோதான காலம். வடகிழக்கு மழை ஓய்ந்து குளங்கள் பெருகிக் கிடக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் அப்போது பார்க்கலாம்.

தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பதெல்லாம் நோட்டில் முதலில் வர வேண்டும். 'நிறைய நாரை' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'நத்தைக்குத்தி நாரை 42, கருவேல மரங்களில்' என்று எழுதுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் ஓரத்திலிருந்து பத்துப் பறவைகளை நிதானமாக எண்ணி, அந்தப் பத்தும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவில் பத்துப் பத்தாக நகர்த்திக்கொண்டே போகலாம். பெரிய பறவைகளின் காலடியில் உள்ளான்கள் என்னும் சின்னக் கரையோரப் பறவைகள் நிற்கும், அவற்றைத் தனியாக ஒரு சுற்று எண்ண வேண்டும்.

வீட்டுக்கு வந்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று அது கேட்கும். காக்கா, மைனாவையும் எழுதியிருந்தால் மட்டும் 'ஆமாம்' போடுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும், அதையும் முதலில் இரவல் வாங்கலாம். பெரிய லென்ஸுக்காகக் கடன் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் வேலை தருவதில்லை.

அடுத்து, ஆட்களோடு சேருங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். சென்னைப் பிள்ளைகளுக்கு 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடந்து, கூடு தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிற வேலை. தூக்கம் கெட்டாலும் அடுத்த ராத்திரி வருகிறவர்களைப் பெரியவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். சிபாரிசுக் கடிதம் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும்.

இனி படிப்பு. விலங்கியலோ தாவரவியலோ இளங்கலை படித்தால் போதும். வனவியலே வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. முதுகலையில் வனவிலங்கு உயிரியல் படிக்க மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்கும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் (என்.சி.பி.எஸ்.) நுழைவுத் தேர்வு உண்டு, இடம் குறைவு. அதிகாரியாக வேண்டுமா? ஐ.எஃப்.எஸ். என்னும் இந்திய வனப் பணித் தேர்வு யு.பி.எஸ்.சி. நடத்துவது, முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸோடு பொது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வைப் போய்ப் பாருங்கள். சதுப்பு நிலத்தையும் ஏரியையும் காப்பாற்ற வக்கீல்களும் வேண்டும்.

எக்செல், இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள், டூவீலர் ஓட்டுவது, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். அதோடு ஆடு மேய்க்கிற தாத்தாவிடம் பத்து நிமிஷம் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். குளம் எந்த வருஷம் வற்றியது, கூடு கட்டுகிற பறவை எப்போது வராமல் போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆங்கிலம் சுமாராக இருக்கிறதே என்று கூசாதீர்கள். அவரிடம் அவர் பேச்சிலேயே பேசத் தெரிந்தவர்களுக்குக் கள வேலையில் மதிப்பு அதிகம்.

சம்பள விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. முதல் வேலை பெரும்பாலும் திட்ட உதவியாளர், ஒப்பந்தம்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். சேருமுன் தங்குமிடம் யார் தருவார்கள், பெட்ரோல் காசு தனியா, காப்பீடு உண்டா, பாம்பு கடித்தால் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று நான்கையும் கேளுங்கள். பதிலை வாய்மொழியாக வாங்காமல் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.