கலாங்க் பூங்காவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் தென்கோடியில் மர்சேய் நகரத்துக்கும் கஸீ என்ற சிற்றூருக்கும் நடுவே, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் மத்தியதரைக் கடல் குறுகலாகப் புகுந்து நிற்கும் இடங்களைக் கலாங்க் என்கிறார்கள். படங்களைப் பார்த்தவர்கள் துண்டையும் நீச்சலுடையையும் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் 2012-இல் தேசியப் பூங்காவான இந்த இடம் முதலில் ஒரு வறண்ட பைன் காடு, கடற்கரையெல்லாம் அப்புறம்தான். அதை மறந்துவிட்டுப் போவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

வானம் பளிச்சென்று இருக்கிறது, மேகமே இல்லை, இன்று போகலாம் என்று முடிவு செய்வது முதல் தவறு. அங்கே வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற வறண்ட காற்று அடிக்கும். வானத்தைத் துடைத்து நீலமாக்குவதே அந்தக் காற்றுதான், காய்ந்த புதரில் விழுந்த ஒரு தீப்பொறியைச் சில நிமிடங்களில் மலை முழுக்கக் கொண்டுபோவதும் அதுதான். அதனால் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நாளும் தீ அபாயத்தைப் பொறுத்துக் காட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று மாவட்ட நிர்வாகம் முடிவு செய்து, முந்தைய நாள் மாலையே வரைபடத்தில் நிறம் போட்டு அறிவித்துவிடும். சிவப்பு என்றால் நுழையக் கூடாது, அவ்வளவுதான். பூங்காவின் கைப்பேசிச் செயலியிலும் இதைப் பார்க்கலாம். முதல் நாள் இரவு ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூங்குங்கள். பிரான்சில் காட்டுத்தீக்களில் பத்தில் ஒன்பது மனிதர்களால் வருபவை, அதனால் சிகரெட், அடுப்பு பற்றியெல்லாம் நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது சுஜித்தோன் என்ற கலாங்க். லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை நகரப் பேருந்தே போகிறது, அங்கிருந்து நடந்தால் போதும் என்பதால் கோடையில் ஒரே நாளில் 2,500 பேர் வரை வந்துகொண்டிருந்தார்கள். சரிவில் இருக்கும் பைன் மரங்களைப் போய்ப் பாருங்கள்: காலடி பட்டுப் பட்டு மண் கரைந்துபோய், வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். விழும் விதை முளைக்க மண்ணே இல்லை. அதனால் 2022 முதல் கோடைக்காலத்தில் முன்பதிவு வைத்து, நாளுக்கு 400 பேர் என்று நிறுத்திவிட்டார்கள். பதிவு இலவசம்தான், ஆனால் பதிவு இல்லாமல் போனால் அபராதம் உண்டு. இதைக் கெடுபிடி என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டிய நல்ல முடிவு. பதிவு கிடைத்தால் பாதையை விட்டு விலகாமல் நடங்கள், குறுக்கு வழி போட்டு இறங்குவதுதான் அந்த மண்ணை அரித்தது.

செருப்போடு போகாதீர்கள். ஆன்வோ கலாங்க்குக்கு இறங்கும் பாதை செங்குத்து, பல்லாயிரம் பேர் மிதித்த சுண்ணாம்புக்கல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், மழையே இல்லாத நாளிலும் வழுக்கும். உள்ளே எங்கும் குடிநீர்க் குழாய் கிடையாது, நிழலும் குறைவு. ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் வேண்டும், போகும்போது இறங்கிய தூரத்தையெல்லாம் வெயிலில் திரும்ப ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடலில் செய்யும் தவறு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்கடியில் கரும்பச்சையாகத் தெரிவது பாசி என்று நினைத்து அதன்மேல் படகின் நங்கூரத்தை இறக்கிவிடுகிறார்கள். அது பொசிடோனியா, பூக்கும் கடற்புல். மீன் குஞ்சுகள் வளர்வது அதற்குள்தான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும் என்பதால், நங்கூரச் சங்கிலி ஒருமுறை உழுத இடம் மூட பல பத்தாண்டுகள் ஆகும். வாடகைப் படகு எடுத்தால் வெளிர் மணல் தெரியும் இடத்தில் மட்டும் நங்கூரம் போடுங்கள். கரையில் பழுப்பாகக் குவிந்து கிடக்கும் அதன் காய்ந்த இலைகளும் குப்பை இல்லை, அலை மணலை அள்ளிப் போகாமல் காப்பது அந்தக் குவியல்தான்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போங்கள். தண்ணீர் குளிராக இருக்கும், உண்மைதான். ஆனால் கோடையிலும் மிஸ்த்ரால் மேல்நீரைத் தள்ளிவிட்டு ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவந்துவிடும், அதனால் அந்த விஷயத்தில் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.