சோற்றை விட்டால் பசி விடுமா? மாவுச்சத்தைக் குறைக்கும்போது விடும் பிழைகள்

இரண்டு மாதம் சோறு, பிட்டு, இடியப்பம் எதையும் தொடாமல் இருந்து பார்த்தேன். காலையில் இரண்டு முட்டை. பதினொரு மணியானால் கை தானாகக் கச்சான் போத்தலுக்குள் போகும். மாவுச்சத்துக் குறைவுதானே என்ற துணிச்சல். 100 கிராம் கச்சானில் ஏறக்குறைய 570 கலோரி. அதே நிறைச் சோற்றில் 130 அளவுதான். போத்தல்தான் மெலிந்தது.

மாவுச்சத்தை விட்டாலே வயிறு அடங்கிவிடும் என்று நம்பியதுதான் நான் விட்ட பெரிய பிழை. 1995 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை, ஒவ்வொன்றையும் 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 என்று வைத்தால் மீனுக்கு 225, கச்சானுக்கு 84. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது நாங்கள் பயந்து ஒதுக்கும் அவித்த உருளைக்கிழங்கு: 323! தண்ணீரும் பருமனும் அதற்குள் அவ்வளவு. அதையே எண்ணெயில் பொரித்தால் 116.

பாணையும், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலையும் ஒரே கணக்கில் எழுதுவது அடுத்த பிழை. கோதுமை மாவில் செய்த பாணும் விசுக்கோத்தும் சப்ப முதலே இறங்கிவிடும். குரக்கன் பிட்டு அப்படி விடாது, மென்றுதான் ஆகவேண்டும். ஒடியல் கூழில் மாவோடு மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் கிடக்கும். பனையோலைப் பிளாவில் இரண்டு தரம் வாங்கிக் குடித்தவர் இரவுச் சாப்பாட்டைத் தேடமாட்டார்.

அதற்காகச் சிவப்பரிசிதானே என்று கோப்பையில் மலையாய்க் குவிக்கவும் வேண்டாம். ஹோல்டின் கணக்கில் தவிடு நீக்காத அரிசிக்கு 132, வெள்ளை அரிசிக்கு 138. நார்ச்சத்துக்கு அது நல்லதுதான், பசிக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையும் மீனையும் முருங்கையிலை வறையையும் கூட்டினால் நிற்கும். பனங்கட்டியும் சீனிதான், பனை எங்கள் மரம் என்பதால் சலுகை இல்லை.

மாவுச்சத்தைக் குறைத்து மெலிந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் பார்த்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 6.0 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கினார்கள். இரு பக்கத்துக்கும் சீனியையும் தீட்டிய மாவையும் விடச் சொல்லி, மரக்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட் குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தக்கூடாது. மருந்து பழைய அளவிலேயே வேலை செய்யும். இரத்தத்தில் சீனி இறங்கி, வேர்த்து, கை நடுங்கத் தொடங்கும். அந்த நேரம் கொள்கை பார்க்காமல் சீனி போட்ட தேத்தண்ணி குடியுங்கள்.